கார் புத்தகம் தேடிப் படியேறிய கதை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, பினாங்கின் சௌராஸ்தா சந்தையின் மாடிக்குப் படியேறினேன். கீழே ஜாதிக்காய் ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் வாங்க வந்த சுற்றுப்பயணிகளின் நெரிசல். மேலே பழைய புத்தகக் கடைகளில் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பள்ளிப் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. என் பதின்ம வயதிலிருந்து எனக்குப் பழக்கமான கடைக்காரர் அதே மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தார். எனக்கு 53 வயதாகிறது. அவருக்கு மட்டும் நான் இன்னும் தம்பிதான்.

"கார் புத்தகம் ஏதாவது கிடக்கா மாமா?"

"கார் புத்தகமா? அதையெல்லாம் இப்ப யாரு தம்பி கேக்குறா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ராஃபியா கயிற்றால் கட்டிய ஒரு கட்டை இழுத்துப் போட்டார். மொத்தம் 14 இதழ்கள். ஒரு காலத்தில் அந்தக் கடையின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கார் இதழ்களாகவே இருந்தது. மாதிகை, சஞ்சிகை என்று எழுத்தில் எப்படிச் சொன்னாலும், இங்கே நாங்கள் வாய்விட்டுச் சொல்வது கார் புத்தகம் என்றுதான். இந்தப் பதிவில் இதழ், புத்தகம் என்ற இரண்டு சொற்களும் கலந்தே வரும்.

நான் முதல் கார் புத்தகத்தை வாங்கியது 1986இல், பினாங்குப் பாலம் திறந்ததற்கு மறு ஆண்டு. புது இதழ்கள் அஞ்சடியில், அதாவது கடைவரிசையின் முன்னுள்ள நடைபாதையில், இருந்த பத்திரிகைக் கடையில் துணி மாட்டும் கவ்விகளில் தொங்கும். தொட்டுப் பார்த்தால் கடைக்காரர் முறைப்பார். பிரிட்டிஷ் இதழ் ஒன்றின் விலை எங்கள் வீட்டின் ஒரு நாள் சமையல் செலவைவிட அதிகம் என்பதால், நான் சௌராஸ்தா மாடிக்குப் போய் ஒன்றரை வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) பழையதை வாங்குவேன். கப்பலில் வந்து சேர்வதற்கே இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். யாரோ ஒருவர் வாங்கிப் படித்து, சலித்து, விற்று, அது மாடிக்கு வந்து சேரும்போது ஓராண்டாகியிருக்கும். லண்டனில் வெளியான புதிய காரைப் பற்றி நான் முதன்முதலாகப் படிக்கும் நாளில், லண்டனில் அந்தக் கார் பழைய காராகியிருக்கும்.

அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிச் செல்லும் லாரி ஓட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ் நேசன் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படிப்பார், ஆங்கிலம் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "வெள்ளைக்காரன் என்னடா சொல்றான்?" என்று கேட்பார். நான் அகராதியை ஒரு கையிலும் இதழை மறு கையிலும் வைத்துக்கொண்டு தமிழில் சொல்ல வேண்டும். ஒரு முறை, முன்சக்கர இயக்கமுள்ள ஒரு கார் வளைவில் ஸ்டீயரிங் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகவே போகப் பார்க்கிறது என்று நான்கு பத்திகளில் எழுதியிருந்ததை, "வளைவிலே அதன் மூக்கு வெளியே போகுதாம்ப்பா" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தேன். அப்பா யோசித்துவிட்டு, "பின்னால லோடு ஏறினா என் லாரியும் அப்படித்தான் போகும். முன்சக்கரத்துக்கு மேல பாரம் இல்லேன்னா அது எதைப் பிடிச்சுத் திரும்பும்?" என்றார். அந்தக் கட்டுரையைவிட அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அவர் அதைச் சொல்லியிருக்கவும் மாட்டார்.

மலேசியாவின் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. 1989இல் அது பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியதும், நான் அங்கிருந்து வரும் இதழ்களின் கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் திருப்புவேன். விற்பனையிலுள்ள எல்லாக் கார்களின் விலையும் அளவுகளும் அகரவரிசையில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பக்கங்கள் அவை. ஆங்கில அகரவரிசையின் தயவால், போர்ஷேக்கும் ரெனோவுக்கும் நடுவில் எங்கள் புரோட்டோன் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வரித் தீர்ப்பு: பழைய மிட்சுபிஷி, விலை மலிவு என்ற பொருளில். அது பொய்யும் அல்ல. முதல் சாகாவின் உடலும் 1.3 லிட்டர் இன்ஜினும் மிட்சுபிஷி லான்சரிடமிருந்து வந்தவைதான். இருந்தாலும் அப்பாவுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னபோது, "பிடிக்கலேன்னா வாங்காம போகட்டும்" என்று கோபமாக எழுந்து போய்விட்டார்.

இவ்வளவு கதையும் எதற்கென்றால், கார் இதழ்கள் ஏன் அழிந்தன என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் எனக்கு எப்போதும் பொருந்தி வந்ததில்லை என்பதால்தான். இணையம் வேகமானது, அச்சு மெதுவானது, ஆகவே அச்சு தோற்றது என்கிறார்கள். செய்திக்கு அது சரியாக இருக்கலாம். மாத இதழ் ஒன்றின் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்க் கடைக்கு வருவதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். புதிய காரின் படங்கள் அதே நாளில் கைப்பேசிக்கு வந்துவிடும் காலத்தில் அதற்கு என்ன மதிப்பு? ஆனால் பினாங்கில் அவற்றை வாங்கிய எங்களைப் போன்றவர்கள் எப்போதுமே ஓராண்டு பிந்தியே படித்தோம். பிந்தியதால் அவற்றின் சுவை ஒரு துளியும் குறையவில்லை. நாங்கள் அவற்றைச் செய்திக்காக வாங்கியிருந்தால்தானே பழையதாகும்?

எதற்காக வாங்கினோம் என்றால், என்னளவில் விடை அளவீடுதான். நான் 27 ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறவன். ஒரு கருவி சொல்லும் எண் உண்மையா என்று இன்னொரு கருவியை வைத்துப் பார்ப்பதே என் சோறு. அந்தப் புத்தியை எனக்குள் முதலில் போட்டது இதழ்களின் சோதனைப் பக்கம் என்றே நினைக்கிறேன். 1895இல் தொடங்கி, உலகின் மிகப் பழைய கார் இதழ் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஆட்டோகார், 1928இலிருந்து கார்களை ஒரே முறைப்படி ஓட்டிச் சோதித்து எழுதி வந்தது. காற்று ஒரு பக்கம் உதவிவிடும் என்பதற்காக இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். காரிலிருக்கும் வேகமானி எவ்வளவு பொய் சொல்கிறது என்பதைத் தனி அட்டவணையாகப் போடுவார்கள். உச்ச கியரில் இன்ஜின் 1000 சுற்று சுற்றும்போது கார் மணிக்கு எத்தனை மைல் போகும் என்று ஓர் எண் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, பள்ளிப் பயிற்சி ஏட்டின் பின்பக்கத்தில் 1.6ஆல் பெருக்கி, நான் ஒருநாளும் தொடப்போகாத கார்களெல்லாம் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ.இல் எத்தனை சுற்றில் ஓடும் என்று கணக்குப் போடுவேன். பத்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு கார்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடலாம், ஏனென்றால் அளந்த முறை ஒன்று.

அந்த இதழ்கள் அப்பழுக்கற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. 1961இல் ஜாகுவார் இ-டைப் காரைச் சோதித்த ஆட்டோகார், அது மணிக்கு 150 மைலைத் தாண்டியது என்று எழுதியது. அந்தச் சோதனைக்குக் கொடுக்கப்பட்டது சிறப்பாகத் தயார் செய்யப்பட்ட கார், கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த வேகம் எளிதில் கைகூடவில்லை. அமெரிக்காவில் இன்னும் மோசம். கார் அண்ட் டிரைவர் 1964 மார்ச் இதழின் அட்டையில், போன்டியாக் ஜிடிஓவும் ஃபெராரி ஜிடிஓவும் மோதிக்கொள்வதாகப் படம் வரைந்து போட்டார்கள். இரண்டு கார்களும் ஒரே தடத்தில் சந்திக்கவே இல்லை. சோதித்த போன்டியாக்கிலும் விற்பனைக்கு வந்த 389 கன அங்குல இன்ஜினுக்குப் பதில் 421 கன அங்குல இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். இதைப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டவர், போன்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வேங்கர்ஸ். இப்படிப்பட்ட ஏமாற்றுகூட பின்னால் வெளிப்படக் காரணம், அந்த எண் அச்சில் நின்றதுதான் என்பது என் கட்சி. அழித்து எழுத முடியாத எண்ணை யாராவது ஒருவர் என்றாவது ஒருநாள் சரிபார்ப்பார்.

தொண்ணூறுகளில் எங்கள் ரசனை பிரிட்டனை விட்டு ஜப்பான் பக்கம் திரும்பியது. காரணம் ஹாஃப்கட். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஜப்பானில் காருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு, வயதான காரை வைத்திருப்பது செலவு. அப்படிக் கழித்துவிட்ட கார்களை நடுவில் அறுத்து, இன்ஜினும் கியர்பெட்டியும் டேஷ்போர்டும் உள்ள முன்பாதியை மட்டும் உதிரிப்பாகம் என்ற பெயரில் இங்கே இறக்குவார்கள். முழுக் காராக இறக்கினால் இறக்குமதி அனுமதியும் வரியும் கழுத்தை நெரிக்கும். புரோட்டோன் வீராவில் லான்சர் ஜிஎஸ்ஆரின் டர்போ இன்ஜினைப் பூட்டுவது அந்தக் காலத்து இளைஞர்களின் வாழ்நாள் கனவு. பிறை என்ற ஊரில் ஒரு ஹாஃப்கட் கிடங்கில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வேலை செய்தார். கொள்கலன் வந்திறங்கியதும் டேஷ்போர்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பது அவருக்கு வழக்கம். கைக்குட்டை, ஜப்பானியச் சில்லறை, வரைபடம் ஆகியவற்றோடு சில சமயம் ஓர் ஆப்ஷன் இதழும் கிடைக்கும். அதை எனக்காக எடுத்து வைப்பார்.

ஆப்ஷன் 1981இல் தொடங்கிய இதழ். அதன் ஆசிரியர் தைஜிரோ இனாடா, கடைக்காரர்கள் முறுக்கேற்றிக் கொண்டுவரும் கார்களை யாதாபே சோதனைத் தடத்தில் தானே ஓட்டிப் பார்த்து உச்ச வேகத்தை அச்சிடுவார். எனக்கு ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தானே. டர்போவின் அழுத்தம், குதிரைத்திறன், தடத்தில் எட்டிய வேகம் என்று மூன்றையும் படத்தோடு பொருத்திப் பார்த்தே முழு இதழையும் படித்துவிடுவேன். பக்கங்களில் இன்ஜின் எண்ணெய்க் கறை இருக்கும். அது யோக்கோஹாமாவில் யாரோ ஒருவன் கையிலிருந்து வந்ததா, பிறையில் அண்ணன் கையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

பிறகு 1997 நெருக்கடி வந்தது. டாலருக்கு ஏறத்தாழ 2.50 என்றிருந்த நம் வெள்ளி சரிந்து, 1998 செப்டம்பரில் 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. அஞ்சடிக் கடையில் 18 வெள்ளிக்குத் தொங்கிய பிரிட்டிஷ் இதழ் 28 வெள்ளிக்கு ஏறியதை நான் நின்று பார்த்தேன். உள்ளூர்க் கார் இதழ்கள் பெருகியது அதற்குப் பின்வந்த ஆண்டுகளில்தான். இறக்குமதி எட்டாக்கனியானதும் காரணங்களில் ஒன்று என்பது என் ஊகம். மலாயிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் வந்தன. தமிழில் எங்களுக்கென்று ஒன்றும் வரவில்லை, பின்னாளில் தமிழ்நாட்டிலிருந்து விகடன் குழுமத்தின் மோட்டார் விகடன் கைக்கு வந்தபோது அப்பா அதை மூன்று நாள் கீழே வைக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி ஒவ்வொரு இதழும் உள்துறை அமைச்சின் அனுமதி எண்ணைத் தாங்கி வர வேண்டும். 2012இல் சட்டம் திருத்தப்படும் வரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அத்தனைக்கும் ஈடுகொடுத்து அவை வந்தன. ஒரு சர்தார்ஜி, நம் கரம்ஜித் சிங், 2002இல் புரோட்டோன் பெர்ட்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றதை நான் விரிவாகப் படித்ததும் அப்படிப்பட்ட ஓர் உள்ளூர் இதழில்தான். வெளிநாட்டு இதழ்கள் அவருக்கு அரைப் பத்தி ஒதுக்கின.

அந்த ஆண்டுகளில் நானும் எழுதினேன். இதழின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. கட்டுரைக்கு 120 வெள்ளி, அதுவும் மூன்று மாதம் கழித்து. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ எனக்குக் கிடைத்தது ஒரு புதிய குடும்பக் கார். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போகும் மலைப்பாதையில் அதை ஓட்டிச் சென்றேன். இறக்கத்தில் ஆறாவது வளைவுக்குள் பிரேக் பெடல் தரைவரை போக ஆரம்பித்தது, கருகிய வாடை வந்தது. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே கதை. இரண்டே வாக்கியங்களில், கோபமின்றி, எங்கே எத்தனையாவது வளைவில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது அந்த இரண்டு வாக்கியங்களும் இருந்த இடத்தில், "நிறுத்தும் திறன் அன்றாடப் பயன்பாட்டுக்குப் போதுமானது" என்று ஒரு வரி இருந்தது. எதிர்ப்பக்கம் முழுவதும் அதே காரின் வண்ண விளம்பரம். ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. "அந்தப் பக்கம் இல்லேன்னா இந்தப் பக்கமும் இல்லை" என்றார். அதற்குப் பிறகு நான் எழுதியவை மூன்றே கட்டுரைகள், மூன்றும் பழைய கார்களைப் பற்றியவை.

இது நம் ஊரின் ஏழ்மையால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 2005இல், கார் விமர்சனத்துக்காக ஏற்கெனவே புலிட்சர் பரிசு பெற்றிருந்த டான் நீல், போன்டியாக் ஜி6 காரை முன்வைத்து ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தைக் குறைசொல்லி எழுதியதும், அந்நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழுக்குத் தன் விளம்பரங்களை நிறுத்திவிட்டது. அது பெரிய நாளிதழ், தாங்கிக்கொண்டது. கார் விளம்பரத்தையே நம்பி வாழும் மாத இதழ் எப்படித் தாங்கும்? வாசகன் கொடுக்கும் 8 வெள்ளி கடைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் தாளுக்குமே சரியாகப் போய்விடும். இதழை நடத்தியது விளம்பரம். அந்த விளம்பரத்துக்காகப் பிரேக் வாசகத்தை விட்டுக்கொடுத்த பிறகு, விளம்பரதாரரே ஒருநாள் எழுந்து முகநூலுக்குப் போனபோது, இதழின் கையில் மிஞ்சியது என்ன? வாசகனும் முட்டாள் அல்ல. எல்லாக் காரும் நன்று என்று சொல்கிற புத்தகத்துக்கு எதற்குக் காசு என்று அவனும் நிறுத்திக்கொண்டான்.

இன்னொரு வருமானம் வரி விளம்பரம். பழைய கார் விற்பவர்களின் சின்னச் சின்ன விளம்பரங்களாலேயே பருத்த இதழ்கள் இங்கும் இருந்தன. முடா, கார்லிஸ்ட் போன்ற தளங்கள் வந்ததும் அவற்றுக்கு அடித்தளமே கரைந்துபோனது. பிரிட்டனில் ஆட்டோ டிரேடர் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மூன்றரை இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2013இல் 30,000க்கும் கீழே இறங்கி, அந்த ஜூன் மாதத்தோடு அச்சை நிறுத்தியது. ஆனால் அந்த நிறுவனம் சாகவில்லை, இணையத்தில் முன்னைவிடக் கொழுத்து வாழ்கிறது. காகிதத்தை அவர்களே கைவிட்டார்கள். காரைச் சோடித்துத் திரியும் இளைஞர்களின் வேதமாக இருந்த மேக்ஸ் பவர், ஒரு கட்டத்தில் மாதம் 2 இலட்சத்துக்கு மேல் விற்றது, 2011இல் மூடப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக 2019 டிசம்பர்: மோட்டார் டிரெண்டை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் தன் 22 அச்சிதழ்களில் 19ஐ ஒரே அறிவிப்பில் நிறுத்தியது. 1953இலிருந்து வந்த கார் கிராஃப்ட், 1977இல் தொடங்கிய லோரைடர், டேவிட் இ. டேவிஸ் 1986இல் தொடங்கிய ஆட்டோமொபைல், ஜப்பானியக் கார்களுக்கென்றே இருந்த சூப்பர் ஸ்ட்ரீட் எல்லாம் அதில் அடக்கம். மோட்டார் டிரெண்ட், ஹாட் ராட், ஃபோர் வீலர் ஆகிய மூன்றுமே மிஞ்சின.

நம் நாட்டில் அத்தகைய அறிவிப்புகூட இல்லை. 1896இல் தொடங்கிய மலாய் மெயில் 2018 டிசம்பரில் அச்சை விட்டபோதும், 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றபோதும் நாலு பேர் வருந்தி எழுதினார்கள். எங்கள் வீட்டில் அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. கார் இதழ்களோ சொல்லாமல் கொள்ளாமல் போயின. ஒரு மாதம் வரவில்லை, அடுத்த மாதம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒன்று வந்தது, அதற்கடுத்து ஒன்றுமில்லை. அஞ்சடிக் கடையில் இப்போது கவ்விகளில் தொங்குவது கைப்பேசி உறைகள்.

இணையத்தின் மீது எனக்கு வன்மம் கிடையாது. இன்ஜின் சத்தத்தை எந்த எழுத்தாளனாலும் எழுதிக் காட்ட முடியாது, காணொளி காட்டிவிடுகிறது. என் மனைவியின் காரில் குளிரூட்டியின் மின்விசிறியைக் கழற்றி மாட்டியது ஓர் இந்தோனேசிய இளைஞரின் எட்டு நிமிடக் காணொளியைப் பார்த்துத்தான். எந்த இதழும் அதைச் சொல்லித் தந்திருக்காது. ஆனால் இணையம் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் என்கிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். 2000களில் நம் ஊர்ப் பையன்கள் இன்ஜின் மாற்றிய விதத்தைப் படிப்படியாகப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். படங்களையெல்லாம் ஃபோட்டோபக்கெட் என்ற இலவசத் தளத்தில் சேமித்திருந்தார்கள். 2017இல் அந்நிறுவனம் ஆண்டுக்கு 399 டாலர் கட்டினால்தான் படங்கள் வெளித்தளங்களில் தெரியும் என்று அறிவித்ததும், உலகம் முழுக்க அத்தகைய குறிப்புகளில் படமிருந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. "இந்த ஒயரை இங்கே இணைக்கவும்" என்ற வரி இருக்கும், எந்த ஒயர், எங்கே என்பது இருக்காது. அந்த நாளில் என் வீட்டு அலமாரியில் இருந்த 1994ஆம் ஆண்டு இதழின் படங்கள் கரப்பான் கடித்த ஓரம் தவிர அப்படியே இருந்தன.

இப்போது புதிதாக ஒரு வகை வருகிறது. ரோட் அண்ட் டிராக் ஆண்டுக்குச் சில தடித்த இதழ்களாக மாறிவிட்டது. 2019இல் பிரிட்டனில் தொடங்கிய ரோட் ராட் புத்தகம் போலவே கனமானது, விலையும் புத்தக விலை. தாள் அருமை, படங்கள் அதைவிட அருமை. கோலாலம்பூரில் ஒரு பெரிய புத்தகக் கடையில் இப்படிப்பட்ட ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அது வரவேற்பறை மேசைக்கான பொருள். எண்ணெய்க் கையோடு தொட யாருக்கும் மனம் வராது. லாரிக்காரர் மகனுக்கு ஒன்றரை வெள்ளிக்கு அது எந்த மாடியிலும் கிடைக்கப் போவதுமில்லை.

நான் சௌராஸ்தாவுக்குப் போன காரணத்தை இன்னும் சொல்லவில்லை. என் தம்பி மகன் பழைய புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ ஒன்றை வாங்கியிருக்கிறான். மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இன்ஜினும் லோட்டஸ் பொறியாளர்கள் சரிசெய்த சஸ்பென்ஷனும் கொண்ட அந்தக் கார், நாங்கள் இளைஞர்களாக இருந்தபோது தெருவில் போனால் தலை தானாகத் திரும்பும். அவன் அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்ப நினைக்கிறான். முன்னிருக்கைத் துணியின் வடிவம் என்ன என்பதுதான் சிக்கல். இணையத்தில் தேடினால் பத்துப் படங்கள், பத்திலும் பத்து விதமான துணி. எல்லாம் யாரோ மாற்றித் தைத்தவை. "பெரியப்பா, உங்க புத்தகத்துல இருக்குமா?" என்று கேட்டான். கார் புதிதாக வந்த சமயத்தில் எடுத்த படம் ஒன்றைப் பார்த்த நினைவு எனக்கு இருந்தது.

மாமா கொடுத்த இதழ்க் கட்டுக்குள் அந்தப் படம் இல்லை. அவர் 14 இதழுக்கும் சேர்த்து 20 வெள்ளி கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். பழைய பேப்பர் லாரிக்காரன் கிலோ கணக்கில் கேட்டபோது கொடுக்க மனம் வராமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து என் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். ஒன்பதாவது பெட்டியில் கிடைத்தது. இருக்கைப் படம் இருந்தது, ஆனால் இதழின் நட்டநடுப் பக்கத்தில். இடது பாதி ஒரு பக்கத்திலும் வலது பாதி மறுபக்கத்திலுமாக, நடு மடிப்பில் துணியின் வடிவம் மறைந்துபோயிருந்தது. அவன் சிறிய திருப்புளியால் நடுவிலிருந்த இரண்டு ஊசிகளையும் நிமிர்த்தி எடுத்து, தாளை விரித்து, தேநீர்க் குவளையையும் என் கண்ணாடிக் கூட்டையும் ஓரங்களில் பாரமாக வைத்து, கைப்பேசியில் ஏழெட்டுப் படங்கள் எடுத்தான். வேண்டாமடா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வேலை முடிந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சாம்பல் நிறத்துல சிவப்புப் புள்ளி, கோடு இல்லை" என்று துள்ளிக் குதித்து, அப்போதே ஜெலுத்தோங்கில் இருக்கை தைப்பவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பினான். துருப்பிடித்த அந்த இரண்டு ஊசிகளும் தேநீர்த் தட்டில் கிடந்தன. தாள்களை வரிசைப்படி அடுக்கி, மாமா கட்டியிருந்த ராஃபியா கயிற்றையே எடுத்துக் கட்டி வைத்திருக்கிறேன்.